ஒரு சாண் இடப்பக்கம்

உள்விளையாட்டு அரங்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் நாலேகால் மணிக்கு வளையத்தை நோக்கி எறியப்பட்ட கூடைப்பந்து இருபத்தாறு வருடம் கீழே இறங்கவில்லை. எறிந்த உள்ளூர் ஆட்டக்காரருடைய வலது கையும் இறங்கவில்லை. பந்து எகிறிப் போய், கூரையின் இரும்புச் சட்டத்துக்கு ஒரு முழம் கீழே, தரையிலிருந்து நாற்பதடி உயரத்தில் நின்றுவிட்டது. கை, எறிந்த வாக்கிலேயே விரல்கள் லேசாக மடங்கி, காதோரமாக நிமிர்ந்து நின்றது. அப்போது உள்ளூர் அணி அறுபத்தொன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணி அறுபத்திரண்டு. நேரம் முடிந்து மணியும் அடித்தாகிவிட்டது. ஆனால் பந்து கையை விட்ட பிறகு மணி அடித்தால், அந்தப் பந்து விழும்வரை ஆட்டம் முடியாது என்பது விதி. நடுவர் விதி தெரிந்தவர். விசிலை வாயில் வைத்தபடி அண்ணாந்து பார்த்தார், கழுத்து வலித்த பிறகு விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் தீயணைப்பு வண்டி ஏணியோடு வந்தது. எட்டும் தூரம்தான், எடுத்திருக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்து அணியின் தலைவர், மருந்துக்கடை வைத்து ஆறு மாதம்கூட ஆகாத இளைஞர், ஏணியடியில் வந்து நின்றுகொண்டு, வளையத்தை நோக்கிப் போகும் பந்தை உள்ளூர்க்காரர் யார் தொட்டாலும் தப்பாட்டம், ஆட்டம் எங்களுக்கு என்றார். அப்படியானால் அந்தப் பக்கத்தார் தொட்டால் ஆட்டம் எங்களுக்கு என்றது உள்ளூர்க் கமிட்டி. இரண்டு பக்கமும் உரக்கப் பேசி ஓய்ந்தபோது, எந்தப் பக்கமும் சேராத ஆள் என்று ஊரில் ஒருவரும் இல்லை என்பது தெரிந்தது. ஏணி வந்த வழியே திரும்பிப் போனது. அதற்கப்புறம் அந்த அரங்கத்தில் நடக்காதது இல்லை. இறகுப்பந்து, மல்யுத்தம், புத்தகக் கண்காட்சி, ரத்ததான முகாம், வாக்கு எண்ணிக்கை எல்லாம் அந்தப் பந்துக்குக் கீழேதான் நடந்தன. வெள்ளம் வந்த வருடம் நானூறு குடும்பங்கள் அங்கே பதினெட்டு நாள் படுத்திருந்தன. தேர்வு எழுத வந்தவர்கள் விடை தெரியாதபோது பந்தைப் பார்த்தார்கள், அது யாருக்கும் எதையும் சொல்லவில்லை. விளக்கு மாற்ற மேலே ஏறுகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்த ஆட்டத்தின் புள்ளிக் கணக்கு ஒரு தகரப் பலகையில் எழுதப்பட்டு மூலையில் தொங்கியது.

இதையெல்லாம் முதல் நாளிலிருந்து பார்த்தவர் தரைக்காரர். அரங்கத்தின் மரத்தரை அவர் பொறுப்பு. இரண்டாயிரத்துச் சொச்சம் பலகைகளில் எந்தப் பலகை எந்தக் காலில் முனகும் என்று சொல்லிவிடுவார். அந்த ஆட்டம் நடந்த மறுவருடம் எறிந்தவரின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டார். அண்ணன் நம்மோடுதான் இருப்பார் என்பது மட்டும்தான் அவள் போட்ட நிபந்தனை. அவளுக்குத் தையல் வேலை. அண்ணனுக்கென்று வலது கை மட்டும் வானத்தைப் பார்த்துத் திறக்கிற மாதிரி சட்டை தைப்பதை அவளே கண்டுபிடித்தாள். வீட்டில் ஒரு வாசல்நிலையின் மேல்கட்டையை வெட்டி உயர்த்தினார்கள். மச்சானுக்கு வேலை அமைவதுதான் பெரும் பாடாக இருந்தது. கைதான் தூக்கியே இருக்கிறதே என்று நாற்சந்தியில் நிறுத்திப் பார்த்தார்கள், நின்ற வண்டிகள் நின்றபடியே நின்றன. ஏலக்கடையில் கணக்குப் பிள்ளையாக உட்கார்ந்த அரைமணி நேரத்தில் ஒரு பித்தளைக் கட்டிலும் மூன்று சுவர்க் கடிகாரங்களும் அவர் பேரில் முடிந்தன. கடைசியில் தபால் நிலையத்தில் மேல் தட்டுக் கடிதங்களைப் பிரிக்கிற வேலை கிடைத்து அதிலேயே நிலைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தரைக்காரர் அந்தக் கைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். இருபத்தைந்து வருடம் ஒரு ஞாயிறு தவறவில்லை.

அரங்கம் பழசாகிக் கூரை ஒழுக ஆரம்பித்து வெகுகாலம் கழித்துப் புதுப்பிக்க உத்தரவு வந்தது. கூரையை மாற்றுவது, இருக்கைகளைப் பெயர்ப்பது, தரையை அடியோடு எடுத்துவிட்டு ஆடுகளத்தைக் குறுக்குவாட்டில் திருப்புவது என்று முடிவானது. பொறுப்பெடுத்து வந்த இன்ஜினியர் அம்மா கறார்ப் பேர்வழி. முதல் தகரத்தைக் கழற்றிய திங்கட்கிழமை, வெயில் உள்ளே விழுந்து பந்தின்மேல் பட்டது. அன்று மாலைக்குள் பந்து ஓரடி இறங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை இன்னொரு அடி. வேலையாட்கள் இருக்கும் நேரத்தில்தான் இறங்கியது, ஞாயிறு இறங்கவில்லை. வளையம் பத்தடி உயரம், பந்து நாற்பதடி, ஆக முப்பது வேலை நாள். கம்பத்தையும் வளையத்தையும் இருபதாம் நாள் பிடுங்குவதாக இருந்தது. "என் வேலைப் பட்டியல்ல பந்துன்னு ஒரு வரிகூட இல்லையே" என்றார் இன்ஜினியர் அம்மா. ஊர் திரண்டு போய் நின்றதும் அந்த முனையைக் கடைசியில் எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார், ஆனால் முப்பதாம் நாள் மாலைக்கு மேல் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரர் இப்போது நரைத்துப்போய், கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். வளையத்தை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்திவிடக் கூடாது என்று, கம்பத்தின் நாலு போல்ட்டுக்கும் கம்பி சுற்றி அரக்கு உருக்கி இரண்டு பக்கத்தாரும் முத்திரை குத்தினார்கள். அரக்கு உருக்க மெழுகுவத்தி பிடித்தவர் தரைக்காரர்தான். அப்போதும் அவருக்கு எதுவும் தோன்றவில்லை. இரண்டாவது சனிக்கிழமை ஒரு கொத்தனார் சாரத்தில் ஏறி, பந்தைத் தொடாமல் அதன் இரண்டு பக்கமும் தூக்குக்குண்டு விட்டார். இரண்டு குண்டும் வளையத்துக்குள்ளே, நட்டநடுவிலிருந்து சம தூரத்தில் ஆடி நின்றன. மருந்துக்கடைக்காரர் மூன்று முறை அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரியான குறிதான். ஒரு நூல்கூட விலகல" என்று அவரே சொன்னார். ஊர் ஆர்ப்பரித்தது. மச்சானைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினார்கள். தரைக்காரர் மட்டும் கம்பத்தின் அடியைப் பார்த்துக்கொண்டு அரங்கத்திலேயே நின்றார்.

காரணம், பந்தை எறிந்தபோது இருந்த இடத்தில் வளையம் இப்போது இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் கூரையில் விழுந்த ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் சொட்டிச் சொட்டி, கம்பத்தின் வலது அடியில் பலகைக்குக் கீழே தாங்குகட்டை உளுத்துவிட்டது. இரண்டு போல்ட் ஆட்டம் கண்டது. மறுநாள் காலை போட்டி. மேலே எழுதிப்போட்டால் பதில் வருவதற்குள் கம்பம் யார் தலையிலாவது விழும். தரைக்காரர் கம்பத்தைக் கழற்றி, நல்ல கட்டை இருந்த பக்கமாக, இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி இறுக்கினார். பழைய துளைகளில் மரத்துண்டு செருகி, இழைத்து, மெழுகு தேய்த்தார். சந்தேகம் வரக் கூடாது என்று கோடுகளையும் ஒரு சாண் தள்ளி வரைந்தார். அன்றிலிருந்து அந்த முனையில் எறிகிறவர்களுக்கெல்லாம் கொஞ்சம் குறி தப்பியது, அவர்கள் பயிற்சியாளரிடம் திட்டு வாங்கினார்கள். கட்டையை மாற்றிவிட்டுக் கம்பத்தை அப்புறம் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார், அந்த அப்புறம் வரவேயில்லை. தலைக்கு மேலே தொங்கிய பந்து அவர் நினைவுக்கே வரவில்லை என்பதுதான் விசேஷம். பதினைந்து வருடம் பார்த்துப் பார்த்து அதுவும் ஒரு மின்விசிறி மாதிரி ஆகியிருந்தது.

இப்போது பந்து வளையத்தின் நட்டநடுவில் விழப்போகிறது என்றால், வளையம் பழைய இடத்தில் இருந்திருந்தால் அதன் இரும்பு விளிம்பிலேயே விழுந்திருக்கும். உள்ளே போயிருக்கலாம், வெளியே போயிருக்கலாம், சொல்ல முடியாது. இது தெரிந்த ஒரே ஆள் தரைக்காரர். அவர் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒரு வாரம் மூடிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வாரத்தில் சோறு இறங்கவில்லை. அரங்கத்தில் மருந்துக்கடைக்காரர் தினமும் வந்து, தோற்கப்போகிற ஆள்போல அமைதியாகப் பந்தைப் பார்த்துவிட்டு, "உங்க மச்சான்கிட்ட நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க" என்று இவரிடமே சொல்லிவிட்டுப் போனார். அது அடி வாங்குவதைவிட வலித்தது. வீட்டுக்கு வந்தால் மனைவி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக அண்ணனுக்கு இரண்டு கையும் கீழே தொங்குகிற சட்டை. வெளிர்நீலத் துணி. பொத்தான் வைத்து, இஸ்திரி போட்டு, சுவரில் ஆணியில் மாட்டியிருந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் அந்தச் சட்டை எதிரே தொங்கியது.

மூன்றாவது ஞாயிறு காலை, பந்து இருபத்திரண்டு அடி உயரத்தில் விடுமுறையில் இருந்தபோது, தரைக்காரர் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து மச்சானின் முழங்கையை நீவிக்கொண்டே சொல்லிவிட்டார்.

"மச்சான், கம்பம் இருந்த இடத்துல இல்ல. நான்தான் நகத்தினேன்."

மச்சான் முழுக்கதையையும் கேட்டார். பிறகு, "எந்தப் பக்கம்?" என்றார்.

"இடப்பக்கம்."

"எவ்வளவு?"

தரைக்காரர் எண்ணெய்க் கையை விரித்துச் சாண் போட்டுக் காட்டினார். மச்சான் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்க ஒரு கைதான் தோதாக இருந்தது.

"அதேதான் மாப்பிள்ளை. கையை விட்டுப் போறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஒரு சாண் இடப்பக்கம் போயிருச்சுன்னு. திருப்பிப் பிடிச்சிரலாமான்னு எட்டினேன். எட்டின கை அப்படியே நின்னுருச்சு. ஊரு பூரா, ஜெயிக்கிறதுக்குத் தூக்கின கைன்னு நினைச்சுக்கிச்சு. நானும் இல்லைன்னு சொல்லல."

"நான் பேசாம இருந்தா உள்ள விழுந்துரும் மச்சான்."

"விழுந்துரும். கை இறங்குமா?"

அப்போதுதான் தையல் மெஷின் சத்தம் நின்றிருப்பது இரண்டு பேருக்கும் உறைத்தது. அவள் கதவருகில் நின்றாள், கையில் கத்தரிக்கோல்.

"இறங்கும்" என்றாள். "ஜெயிச்சா இறங்கும். பதினோரு வருஷம் சொல்லாம இருந்தீங்களே, இன்னும் ரெண்டு வாரம் சொல்லாம இருக்கத் தெரியாதா உங்களுக்கு?"

மறுநாள் தரைக்காரர் அரங்கத்துக்குக் கிளம்பியபோது மச்சானும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடக் கிளம்பினார். அவள் பின்னாலேயே வாசல்வரை வந்தாள். அன்றிலிருந்து கணவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், பேசவில்லை.

இரண்டு பக்கத்தாரையும் கூட்டி, இன்ஜினியர் அம்மா முன்னால், தரைக்காரர் சொன்னார். முதலில் யாரும் நம்பவில்லை. அவர் மண்டியிட்டு, நகத்தால் மெழுகைச் சுரண்டி, உளியால் நெம்பி, தானே செருகிய மரத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளியே வைத்தார். நாலு பழைய துளைகள் கறுப்பாகத் தெரிந்தன. கூச்சல் கிளம்பியது. வளையம் இப்போது எங்கே இருக்கிறதோ அதுதான் வளையம் என்றார்கள் உள்ளூர்க்காரர்கள், இவன் அவர்களிடம் விலைபோய்விட்டான் என்றும் சொன்னார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களோ, பதினோரு வருட ஆட்டங்களையும் திரும்ப ஆட வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் கூச்சலில் சேரவில்லை. "நான் கேக்கவே இல்லையே. தோத்தாச்சுன்னு மனசத் தேத்திக்கிட்டேன். நீங்களா எதுக்கு..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். கடைசியில் நடுவரை அழைத்து வந்தார்கள். எண்பது வயது, காது மந்தம், விதி மட்டும் மறக்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்டுவிட்டு, "எந்த வளையத்தப் பாத்து எறிஞ்சானோ அதுதான் வளையம்" என்றார். இன்ஜினியர் அம்மாவும் பழைய வரைபடத்தை விரித்து, அதில் கம்பம் இருந்த புள்ளியில் விரலை வைத்தார்.

அரக்கு உடைந்தது. உளுத்த கட்டையை அறுத்தெடுத்துப் புதுக்கட்டை இறக்கிக் கம்பத்தைப் பழைய இடத்தில் நிறுத்த மூன்று நாள் ஆனது, அந்த மூன்று நாளும் பந்து வேலை செய்துகொண்டே இருந்தது. தரைக்காரருக்கு யாரும் கட்டை பிடித்துக்கொடுக்கவில்லை. இருபது வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட எலக்ட்ரீஷியன் அவரைக் கண்டதும் வேறு வாசல் வழியாகப் போனார். வீட்டுக் கதவில் யாரோ கரியால் எழுதியதை மனைவி ஈரத்துணியால் துடைத்தாள். மறுபடி தூக்குக்குண்டு விட்டார்கள். பந்தின் நடுப்புள்ளி வளையத்தின் இரும்பின்மேல் வந்து நின்றது, முடியளவு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அதற்கப்புறம் ஊரில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. பதினாலு அடி, பதிமூணு அடி என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். சாரத்தில் நின்றவர்கள் தும்மவும் பயந்தார்கள்.

முப்பதாம் நாள் சனிக்கிழமை. இருக்கைகளைப் பெயர்த்தாகிவிட்டதால் ஜனங்கள் வெறும் சிமெண்டுப் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கூரை இல்லாததால் வெயில் நேராக விழுந்தது. எறிந்த அதே இடத்தில்தான் நிற்பேன் என்று மச்சான் நின்றார். அவர் பக்கத்தில் நிற்க வேறு யாரும் வராததால் வலப்பக்கத்தில் தரைக்காரர் நின்றார். அவள் முதல் படியில், இஸ்திரி போட்ட சட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து பந்து இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஒரு கை, நாலு விரல், ஒரு விரல். நாலு மணிக்கு இன்ஜினியர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலேகாலுக்குப் பந்து இரும்பைத் தொட்டது.

தொட்டதும் அதற்கு வேகம் வந்துவிட்டது. டங்கென்று எம்பி, திரும்ப வளையத்தின்மேல் விழுந்து, விளிம்பிலேயே முக்கால் வட்டம் ஓடி, உள்பக்கம் ஒரு தரம் சாய்ந்து பார்த்துவிட்டு, வெளியே விழுந்தது. தரையில் மூன்று முறை குதித்தது. உருண்டு போய் மருந்துக்கடைக்காரரின் காலடியில் நின்றது. அவர் குனிந்து எடுக்கவில்லை. நடுவர் விசிலை எடுத்து ஊதினார், உள்ளேயிருந்த உருண்டை காய்ந்துபோய் வெறும் காற்றுதான் வந்தது, இருந்தாலும் ஊதியது ஊதியதுதான். அறுபத்திரண்டு, அறுபத்தொன்று. உள்ளூர் அணி தோற்றது.

ஆனால் கை இறங்கவில்லை. ஆயிரம் பேரும் பந்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார்கள். அது காதோரமாக, விரல் மடங்கி, அப்படியே நின்றது. படியில் இருந்தவள் எழுந்து நின்றாள். அண்ணனைப் பார்க்கவில்லை, கணவனைப் பார்த்தாள். தரைக்காரருக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தன் கையால் முறுக்கிய புதுப் போல்ட்டுகளைப் பார்த்தார். ஒருத்தருடைய வாழ்க்கையில் இரண்டு தரம் கை வைத்துவிட்டோம், இரண்டு தரமும் உருப்படவில்லை என்று நினைத்தார். அப்போது இடது தோளில் பொத்தென்று ஒரு பாரம் விழுந்தது.

மச்சானின் கை. இருபத்தாறு வருடக் கனமும் சேர்ந்து விழுந்ததில் தரைக்காரரின் முழங்கால் ஒரு நொடி மடிந்து நிமிர்ந்தது. மச்சான் தன் கையையே அதிசயமாகப் பார்த்தார், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டார், எடுக்கவில்லை.

"கனமா இருக்கா மாப்பிள்ளை?"

"இல்ல மச்சான்" என்றார் தரைக்காரர். பொய்தான்.

திங்கட்கிழமை தரையைப் பெயர்த்தார்கள். இன்ஜினியர் அம்மா சொன்ன தேதியில் முடித்துக்கொடுத்தார். புதுக் கூரை ஒழுகுவதில்லை, ஆடுகளம் குறுக்குவாட்டில் கிடக்கிறது, எறிந்த பந்துகள் உடனுக்குடன் கீழே விழுகின்றன. பழைய தகரப் பலகை மருந்துக்கடையில் மாட்டியிருக்கிறது, கேட்டால்தான் அவர் கதை சொல்வார். மச்சானுக்கு வெளிர்நீலச் சட்டை அளவு வைத்ததுபோல் பொருந்தியது. தபால் நிலையத்தில் இப்போது கீழ்த் தட்டும் அவரே பார்க்கிறார். அவள் கணவனோடு மேலும் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவருக்குச் சட்டை தைக்க நாடாவை எடுத்துத் தோளில் வைத்தவள், "நேரா நில்லுங்க" என்றாள். "நேராத்தான் நிக்கறேன்" என்றார் அவர். அவள் பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். இடது தோள் நாலு விரற்கடை இறங்கியிருந்தது. கையை வைத்து உயர்த்திப் பார்த்தாள், உயரவில்லை. கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்துவிட்டு, சாக்குக்கட்டியை எடுத்துத் துணியில் இடது தோளை நாலு விரற்கடை இறக்கிக் கோடு போட்டாள். அவருக்கு அவள் தைக்கிற சட்டையெல்லாம் இப்போது அப்படித்தான்.